எடை பொருந்தவில்லை

அந்தக் கட்டிடத்தில் அவளுக்குக் கதவுக்காரி என்று பெயர். கதவு செய்கிறவளும் இல்லை, விற்கிறவளும் இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. அதில் ஆறு திரை, ஒரு மைக், ஒரு டெலிபோன். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் அவள் அங்கே இருப்பாள். யாருடைய அட்டை எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவள் கைக்குள் இருந்தது. கழிப்பறை தவிர மற்ற எல்லாக் கதவும் அவளைக் கேட்டுத்தான் திறக்கும்.

"நல்லவேளை மகராசி, அதையாவது விட்டு வச்சாங்க. இல்லேன்னா அவசரத்துக்கு உங்கிட்ட மனு எழுதிப் போட்டுட்டு நிக்கணும்" என்பார் கேண்டீன்காரர்.

கட்டிடத்தின் உயிர் கீழ்த்தளத்தில் இருந்தது. ஊராருடைய ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூட மார்க்கு, நிலப் பத்திரம் எல்லாம் அங்கே கம்ப்யூட்டர் அலமாரிகளுக்குள் குளிரில் உறங்கின. அதற்குள் போக ஒரே வழிதான், கூண்டு. இரண்டு கண்ணாடிக் கதவு, நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். முதல் கதவைத் தாண்டி நின்றால் முதுகுக்குப் பின்னால் அது மூடிக்கொள்ளும். அட்டையைக் காட்ட வேண்டும், விரலை வைக்க வேண்டும், அப்புறம் அசையாமல் நிற்க வேண்டும். காலடியில் இருக்கும் தட்டு ஆளை எடை போடும். பதிவில் உள்ள எடைக்கு நாலு கிலோ முன்னே பின்னே இருந்தால்தான் இரண்டாம் கதவு திறக்கும். ஒருத்தர் அட்டையில் இரண்டு பேர் நுழைந்துவிடக் கூடாதே, அதற்காக.

வெளியே வரும்போது கெடுபிடி இன்னும் அதிகம். போன எடைக்கும் வருகிற எடைக்கும் அரைக் கிலோ வித்தியாசம் இருந்தால் இரண்டு கதவும் பூட்டிக்கொள்ளும். கூடினால் எதையோ எடுத்துக்கொண்டு வருகிறான். குறைந்தால் எதையோ வைத்துவிட்டு வருகிறான்.

"எடுக்கிறவன் வெறும் திருடன். வச்சுட்டு வர்றவன் எமன்" என்று மேற்பார்வையாளர் புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுப்பார். அவர் கோடு போட்ட மாதிரி நடப்பார், கோடு போட்ட மாதிரியே பேசுவார். அதனால் அவருக்கு ரூல்தடி என்று பெயர். நேரில் கூப்பிடும் தைரியம் யாருக்கும் கிடையாது.

கதவுக்காரியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது அவளுடைய அண்ணன். அண்ணன் அங்கே இருபது வருஷமாகக் கேபிள் வேலை. அவள் கணவன் கண்ணை மூடி மூன்று மாதம்கூட ஆகாத சமயத்தில் ரூல்தடி முன்னால் போய் நின்று சொன்னார்: "என் தங்கச்சி ஒரு கதவைப் பூட்டினா ரெண்டு தரம் இழுத்துப் பார்ப்பா சார். இந்த வேலைக்குன்னே பொறந்தவ."

சொன்னது பொய்யில்லை. ஒரு தடவை பூட்டினால் அவளுக்கு மனசு ஆறாது.

கண்ணுகளா, ஒரு மனுஷன் இளைத்துப்போவதை முதலில் யார் பார்ப்பார்கள்? பெண்டாட்டி பார்ப்பாள், இல்லையென்றால் டாக்டர் பார்ப்பார். அண்ணன் விஷயத்தில் இரண்டு பேருக்கும் முந்திக்கொண்டது அந்தக் காலடித் தட்டு. அதற்கு அடுத்தபடி கதவுக்காரி. பதிவில் எழுபத்திரண்டு கிலோ. ஒரு திங்கட்கிழமை அவள் திரையில் எழுபத்தொன்று விழுந்தது. இரண்டு வாரம் கழித்து எழுபது. அப்புறம் அறுபத்தொன்பது.

கேண்டீனில் அவரைப் பிடித்தாள்.

"என்னண்ணா, ஆளு கரைஞ்சுக்கிட்டே வர்றே?"

"நடக்கிறேன் பாப்பா, நடை. கலியாணத்தப்போ தைச்ச சட்டையெல்லாம் இப்போ திரும்பப் போடலாம், தெரியுமா? உங்க அண்ணிக்குத்தான் பயம், மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டேன்னு."

"கூண்டுல நின்னா உன் உடம்பு எனக்குத் தெரியும். எங்கிட்டயே கதை விடறியா?"

அண்ணன் டீயை ஒரு வாய் குடித்தார். விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

"இறங்க மாட்டேங்குது பாப்பா. தொண்டையில யாரோ உக்காந்துக்கிட்டு வழி விட மாட்டேங்கிறான். ஆஸ்பத்திரியில காட்டினேன். உள்ளே குழாய் விட்டுப் பார்க்கணுமாம். அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க."

அது கம்பெனி ஆஸ்பத்திரி. கதவைத் திறக்கிற அதே அட்டையைத்தான் அங்கே ஜன்னலிலும் காட்ட வேண்டும். வேலை இருந்தால் அட்டை உண்டு, அட்டை இருந்தால் வைத்தியம் உண்டு. எடையை மாற்றிப் பதிய வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். விழுங்க முடியாதவனை ஏணியில் ஏறு என்று எந்த டாக்டரும் எழுத மாட்டார். ஒப்பந்த ஆளுக்கு ஏணி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை போனால் அந்த வியாழக்கிழமையும் போயிற்று.

"அதுவரைக்கும் தள்ளிட்டா போதும். ரூல்தடிகிட்ட மூச்சு விட்டுடாதே" என்றார் அண்ணன்.

அவளாக எதையும் மாற்ற முடியாது. எடை என்றாலும் சரி, அந்த நாலு கிலோ என்கிற அளவு என்றாலும் சரி, அவள் அட்டையும் ரூல்தடி அட்டையும் ஒரே நேரத்தில் ஒட்டினால்தான் மாறும். ஒருத்தர் கெட்டுப்போனாலும் இன்னொருத்தர் இருப்பார் என்பது கணக்கு. ரூல்தடியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று அவள் மூன்று தடவை அவர் அறை வாசல்வரைக்கும் போனாள். 'சார், இந்த நாலைக் கொஞ்சம் தளர்த்தலாமா?' இவ்வளவுதான் வார்த்தை. ஆனால் 'ஏன், யாருக்கு?' என்று அவர் திருப்பிக் கேட்டால்? வாயிலேயே வார்த்தையை மென்று மூன்று தடவையும் திரும்பி வந்தாள். கேட்பதும் காட்டிக்கொடுப்பதும் ஒன்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள். அந்த அளவு எவ்வளவு என்பது கட்டிடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அண்ணன் வீட்டுக்கே போய், அண்ணியும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னாள்:

"அறுபத்தெட்டு. அதுக்குக் கீழே ஒரு குண்டுமணி குறைஞ்சாலும் திறக்காது. இதை நான் சொல்லலை, நீங்க கேட்கலை."

அடுத்த வாரம் அண்ணன் கூண்டில் நின்றார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய் முகம் பாதியாகி இருந்தது. திரையில் அறுபத்தொன்பதே கால் என்று விழுந்தது. முகம் இறங்க, எடை ஏறியிருந்தது. கதவு திறந்தது. அவள் கேமராவை அண்ணன் வயிற்றுப் பக்கம் கொண்டுபோகவே இல்லை.

அண்ணிதான் தைத்திருந்தாள். பழைய போர்வையைக் கிழித்து, பனியன் மாதிரி ஒன்று தைத்து, சுற்றிலும் வரிசையாகப் பை வைத்து, ஒவ்வொன்றிலும் அரிசி. இரும்பு என்றால் வாசல் சோதனையில் கூவிவிடும். அரிசி கூவாது. தைத்துக்கொண்டே அண்ணி சொன்னாளாம்: "வயித்துக்குள்ளே போக மாட்டேங்குது. வயித்து மேலயாவது கிடக்கட்டும்." இரண்டு பேரும் அதற்குச் சிரித்தார்களாம். சிரிக்காமல் என்ன செய்வது?

உடம்பு குறையக் குறைய அரிசி கூடிக்கொண்டே வந்தது. அறுபத்து நாலுக்கு இறங்கிவிட்ட உடம்பு ஐந்து கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறியது. மூன்று வாரம் இப்படியே ஓடிற்று. மேலே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அவள் பிடித்து வைத்த மூச்சை விடுவாள்.

வியாழக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒரு செவ்வாய், காலை பதினோரு மணி. கீழ்த்தளத்து டெலிபோன் மணி அவள் அறையில் அடித்தது. அந்தச் சமயம் உள்ளே இருந்தது அண்ணன் ஒருத்தர்தான்.

"பாப்பா..."

குரலைக் கேட்டு, கீழ்த்தளத் திரையில் அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கே தரை முழுக்கத் துளை போட்ட பலகை. அடியிலிருந்து குளிர்காற்று வரும். அலமாரிக்கு அடியில் குனிந்து கேபிளை இழுத்திருக்கிறார், அரிசிப் பனியனின் தையல் விட்டுவிட்டது. கொட்டிய அரிசி துளை வழியாக உள்ளே போயிருக்கும். அள்ள முடியாது. இனி வெளியே வந்தால் எடை குறையும்.

அவள் வாயைத் திறந்தாள். அப்போது டெலிபோன்மேல் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். அந்த இணைப்பில் பேசுவது எல்லாம் பதிவாகும். அதைப் பதிவாகும்படி செய்து வைத்ததே அவள்தான்.

"கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க சார்" என்றாள்.

அந்தப் பக்கம் குளிர்காற்று இரைந்தது.

"பாப்பா, நான்தான்..."

"என்ன உதவி வேணும் சார்?"

இருபது வருஷம் கேபிள் இழுத்த மனுஷன், கூடப் பிறந்தவள் வாயால் சார் என்ற சொல்லைக் கேட்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணுமில்லை மேடம். தெரியாம அடிச்சுட்டேன்."

நெருப்பு பிடித்தால் எல்லாக் கதவையும் ஒரே அடியாகத் திறக்க அவள் மேஜைமேல் ஒரு மஞ்சள் பொத்தான் உண்டு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அமுக்கினால் பதிவில் அவள் பெயர் விழும். இரண்டு பேரும் போவதற்கு ஒருத்தர் போவது மேல் என்று மனசு கணக்குப் போட்டது. அந்த ஒருத்தர் யார் என்பதையும் அதுவே முடிவு செய்துவிட்டது.

அண்ணன் கூண்டுக்குள் வந்தார். முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. பெண் குரல் ஒன்று தேன் ஒழுகச் சொன்னது: "எடை பொருந்தவில்லை. மீண்டும் நிற்கவும்." அவர் மீண்டும் நின்றார். "எடை பொருந்தவில்லை." இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன. சிவப்பு விளக்கு சுற்றத் தொடங்கியது.

ரூல்தடி ஓடி வந்தார். காவலர்கள் வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே கட்டிடமே கூடிவிட்டது. "என்னத்தை வச்சே? எங்கே வச்சே?" என்று ரூல்தடி கத்தினார். அண்ணன் சட்டையைக் கழற்றினார். போர்வைத் துணிப் பனியன் ஒரு பக்கம் கிழிந்து தொங்கிற்று. அதிலிருந்து ஒரு பிடி அரிசி அவர் காலடியில் சரிந்தது. அதற்கு மேலே விலா எலும்பை எண்ணலாம்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "எலிக்கு விருந்து வச்சுட்டு வந்திருக்கான்டோய்!" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாள் பலகையைத் தூக்கித் தூக்கி அரிசி பொறுக்கினார்கள். அரிசிக்கு எலி வரும், எலி கேபிளைக் கடிக்கும் என்று ரூல்தடி எட்டுப் பக்கம் எழுதினார்.

விசாரணை அந்தச் செவ்வாய் மத்தியானமே நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ரூல்தடி, இந்தப் பக்கம் அண்ணனும் தங்கையும்.

"நாலு கிலோங்கிற விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும்? உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

அண்ணன் முந்திக்கொண்டார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா அரிசியைக் கூட்டிக் குறைச்சு நானே கண்டுபிடிச்சேன். அது என்ன பெரிய ராணுவ ரகசியமா?"

"என்னம்மா, இவன் அரிசி கட்டிக்கிட்டு வர்றது உனக்குத் தெரியுமா தெரியாதா? வாயால சொல்லு, எழுதணும்."

"தெரியாது சார்" என்றாள் அவள்.

"தெரியாமலா திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே?"

"எடை அளவுக்குள்ளே இருந்துச்சு சார். பச்சை விளக்கு வந்தா நான் ஆளைப் பார்க்கிறதில்லை."

ரூல்தடி தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. "அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

அட்டையை முடக்க வேண்டியதும் அவள் வேலைதான். திரையில் காரணம் கேட்டது. பட்டியலில் நாலு இருந்தன: விலகல், அட்டை தொலைந்தது, மரணம், ஒழுங்கு நடவடிக்கை. உடம்பு சரியில்லை என்று ஒரு காரணம் இல்லை. நாலாவதைத் தொட்டாள். 'உறுதியா?' என்று கேட்டது. உறுதி என்றாள். பிறகு கைப்பழக்கம், அது முடங்கிவிட்டதா என்று இன்னொரு தரம் சோதித்துப் பார்த்தாள். முடங்கியிருந்தது.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை, அண்ணியும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேலை போனாலும், தேதி கொடுத்தது கொடுத்ததுதானே, அன்றைக்கு மட்டும் பார்த்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு போனார்கள். காலையிலிருந்து வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்து அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு. "இது செல்லாதும்மா. அடுத்த ஆளு வாங்க." கட்டிடத்தில் முடக்கிய நொடியே, கொடுத்த தேதியையும் சேர்த்து, ஆஸ்பத்திரியிலும் முடங்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது. கதவுக்காரிக்குத் தெரியும். ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த ஒன்பது நாளும் அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நாலு மாசம் கழித்துத் தேதி கிடைத்தது. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். வெட்டி எடுக்கிற காலம் தாண்டிவிட்டது. வயிற்றில் ஓட்டை போட்டு, அது வழியாகக் கஞ்சித் தண்ணி ஊற்றச் சொல்லி அனுப்பினார்கள்.

கதவுக்காரி அதற்கப்புறம் வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணி வா என்று சொல்லமாட்டாள், போ என்றும் சொல்லமாட்டாள். கதவுக்காரி நின்றுகொண்டே பேசிவிட்டு நின்றபடியே திரும்பி வருவாள். ஒரு தடவை மட்டும் அண்ணி, பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்: "சார்னு கூப்பிட்டியாமே? என்னைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து பாப்பா பாப்பான்னு உயிரை விடற மனுஷனை?"

இது நடந்து அடுத்த வருஷம் பிறந்தது. கம்பெனியின் பெரியவர் இரண்டு மாசம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, நல்ல விருந்தாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வந்த மறுநாளே ஆறு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, எங்கள் பாதுகாப்பைப் பாருங்கள் என்று கூண்டுக்குள் ஏறி நின்றார். "எடை பொருந்தவில்லை. மீண்டும் நிற்கவும்." வயிற்றை எக்கிக்கொண்டு மீண்டும் நின்றார். எக்கினால் எடை குறையுமா? "எடை பொருந்தவில்லை." வெளியே ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆறு கிலோ கூடியிருந்தார் பெரியவர்.

ரூல்தடி இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க அவள் அறைக்கு வந்தார்.

"அட்டையை எடும்மா. நாலைப் பத்தாக்கு."

இரண்டு அட்டையும் ஒட்டின. நாலு பத்தாயிற்று. அவள் மேஜையில் இருந்த டீ அதற்குள் ஆறக்கூட இல்லை. திரையில் கூண்டுக் கதவு திறந்து, பெரியவர் சிரித்தபடி உள்ளே போனார்.

"காரணம்னு என்ன எழுத சார்?"

"என்னத்தையாவது எழுது. மனுஷ உடம்பு ஏறும், இறங்கும்னு எழுது."

"இது முன்னாடியே பத்தா இருந்திருக்கலாமே சார்" என்றாள்.

"யாராவது கேட்டாத்தானே?" ரூல்தடி நெற்றி வியர்வையைத் துடைத்தார். "நாலுங்கிறது என்ன வேதமா? மெஷின் மாட்ட வந்தவன் வச்சுட்டுப் போனது. சாதாரணமா ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன். ஒருத்தரும் கேட்கலை."

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு இறங்கிப்போனார்.

அன்று நாலு மணிக்கு அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணி கஞ்சித் தண்ணியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கதவுக்காரி வழக்கம்போல நின்றாள்.

"என்ன பாப்பா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவள் பெரியவர் கதையைச் சொன்னாள். வயிற்றை எக்கியதைச் சொன்னபோது அண்ணன் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். "அந்தப் பொம்பளைக் குரலு அவரையும் விடலையா? பலே, பலே" என்றார். பிறகு கேட்டார்: "கடைசியில எவ்வளவு ஆக்கினாங்க?"

"பத்து."

அண்ணன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். எழுபத்திரண்டிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு கை விரலும் மடங்கியதும் அப்படியே வைத்துக்கொண்டார். வடிகட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"ஏன் பாப்பா," என்றார், கோபம் ஒன்றும் இல்லாமல், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, "அப்போ நாம கேட்டிருந்தா குடுத்திருப்பானோ?"

அண்ணி கையில் துணியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

கதவுக்காரி அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் அவர் மடக்கி வைத்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"நான் கேட்டேண்ணா" என்றாள். "உங்கிட்டச் சொல்லலை. மூணு தடவை அவன் ரூமுக்கே போய்க் கேட்டேன். முடியவே முடியாதுன்னுட்டான்."

அண்ணன் மூச்சை விட்டார். விரல்களைப் பிரித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணியைப் பார்த்து. "நான் சொல்லலை? அவ கேட்டிருப்பா. கேட்காம இருக்கமாட்டா."

"நாசமாப் போறவன்" என்றாள் அண்ணி. "ஒரு உயிரு அவனுக்கு நாலு கிலோவாப் போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையிலிருந்த நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்கே? உட்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள்.